சாஃப்ட்வேர் வாங்கியாகிவிட்டது, தொடுவதற்குத்தான் ஆள் இல்லை: சிறிய உணவு, பான நிறுவனங்களில் டிஜிட்டல் திறனை எங்கிருந்து வளர்ப்பது?

கேள்வியின் சுருக்கம் இது: இருபது பேர் வேலை செய்யும் சிறிய உணவு, பானத் தயாரிப்பு நிறுவனம். ஸ்டாக், உற்பத்தி, பில்லிங் எல்லாம் சேர்ந்த சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். மாதக்கணக்கில் ஆகியும் பில்லிங்கைத் தவிர வேறு எதையும் யாரும் தொடுவதில்லை. ஆட்களுக்கு டிஜிட்டல் பயிற்சி கொடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். யாருக்கு, எதை, எந்த வரிசையில் கற்றுக்கொடுப்பது?

பில்லிங் மட்டும் ஓடுகிறது என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. பில் போடாமல் வண்டி கிளம்பாது. அதனால் கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர்கூட ஒரு வாரத்தில் பில் போடப் பழகிவிடுகிறார். உற்பத்திப் பதிவைப் போடாவிட்டால் எதுவும் நிற்பதில்லை. மாலையில் யாரோ ஒருவர் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து நிரப்புகிறார், அப்புறம் அதுவும் நின்றுபோகிறது. ஆட்களுக்குக் கற்கும் திறமை இல்லை என்று இதை வைத்து முடிவு கட்டக் கூடாது. அந்தப் பதிவால் அவர்களுக்கு ஆகும் காரியம் இதுவரை ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே பயிற்சி என்றதும் கணினி வகுப்பை நினைக்க வேண்டாம். இந்தத் தொழிலில் டிஜிட்டல் திறன் என்பதன் மையம், நடந்ததை நடந்த நேரத்திலேயே உள்ளபடி பதிவதும், யாராவது கேட்டால் சில நிமிடங்களில் அதைத் தேடி எடுப்பதும்தான். சாஃப்ட்வேர், சென்சார், செயற்கை நுண்ணறிவு எல்லாம் இதன் மேல் நிற்பவை. இது இல்லாமல் அவற்றை வாங்கினால், தப்பான எண்களை வேகமாகப் பார்க்கலாம்.

பல நாடுகளின் உணவுச் சட்டங்கள் கேட்பதும் கிட்டத்தட்ட இதைத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 178/2002 உணவுச் சட்டம், யாரிடம் வாங்கினாய், யாருக்குக் கொடுத்தாய் என்று ஒரு படி பின்னும் ஒரு படி முன்னும் காட்டச் சொல்கிறது. 2005 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2022-ல் இறுதி செய்த தடமறியும் விதி, பட்டியலில் உள்ள சில உணவுகளுக்கு, அதிகாரி கேட்ட 24 மணி நேரத்துக்குள் விவரங்களைத் தரச் சொல்கிறது. அவசரச் சமயங்களில் அதை வரிசைப்படுத்திப் பார்க்கக்கூடிய மின்னணு அட்டவணையாகவே தர வேண்டியிருக்கும். அது எல்லோருக்கும் பொருந்தும் விதி இல்லை. ஆனால் கேட்பது என்ன என்பதைக் கவனியுங்கள். ரோபோவைக் கேட்கவில்லை. ஒழுங்கான ஒரு எக்செல் ஷீட்டைக் கேட்கிறார்கள்.

அதனால் முதல் பாடத்தை வகுப்பறையில் வைக்காமல் ஸ்டோரில் வையுங்கள். விற்பனைக்குத் தயாராக இருக்கும் பெட்டியிலிருந்து ஒரு பழச்சாறு பாட்டிலைக் கையில் எடுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இதில் போட்ட சர்க்கரை எந்த லாட் (ஒரே தொகுதிச் சரக்கு), எந்தத் தேதி வந்தது, அதே லாட் வேறு எந்த பேட்சுகளில் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதிகளில்) போனது, அவை இப்போது யார் யாரிடம் இருக்கின்றன என்று கேளுங்கள். ஸ்டோர்க்காரர், சூப்பர்வைசர், பில் போடுபவர், டெலிவரி பார்ப்பவர் நான்கு பேரும் கூட இருக்கட்டும். உணவுத் துறையில் இதற்கு 'மாதிரி ரீகால்' என்று பெயர், அதாவது விற்ற சரக்கைத் திரும்பப் பெறுவதற்கான ஒத்திகை. பெரிய நிறுவனங்கள் தணிக்கைக்காகச் செய்வது. சிறிய நிறுவனத்துக்கு இதைவிட நல்ல பயிற்சிக் கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

கடைசியில் கணக்கும் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, அந்த பேட்சில் 1,200 பாட்டில் நிரப்பியதாகப் பதிவு இருக்கிறது. விற்றது 1,080, ஸ்டோரில் இருப்பது 96, சாம்பிள் 6, உடைந்தது 10. கூட்டினால் 1,192. மீதி எட்டு எங்கே? ஊழியர் எடுத்துக் குடித்திருக்கலாம், கடைக்காரருக்கு இலவசமாகக் கொடுத்திருக்கலாம், நிரப்பியபோதே எண்ணிக்கை தவறியிருக்கலாம். எட்டு பாட்டில் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் அதில் கிருமி இருப்பதாகச் சந்தேகம் வந்துவிட்டால் அந்த எட்டைத்தான் எல்லோரும் தேடுவார்கள்.

முதல் தடவை இதைச் செய்யும்போது கண்டிப்பாக எங்கோ ஓரிடத்தில் நூல் அறுந்துபோகும். அறுந்த இடம்தான் உங்கள் பாடத்திட்டம். பெரும்பாலான இடங்களில் அது மூட்டையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டும் நிமிஷத்தில் அறுகிறது. மூட்டையோடு லாட் எண்ணும் குப்பைக்குப் போய்விடும். அப்படியானால் அங்கே நிற்பவருக்குத் தேவையான டிஜிட்டல் திறன், கொட்டுவதற்கு முன் மொபைலில் லேபிளைப் படம் எடுத்து அந்த பேட்சின் பெயரில் போடுவது. ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

இன்னொரு இடம், மிச்சத்தை மறுபடி சேர்ப்பது. நேற்றைய பேட்சில் மீந்த பதினைந்து லிட்டரை இன்றைய தொட்டியில் ஊற்றுவது பல இடங்களில் வழக்கம். ஒழுங்காகச் செய்தால் தவறும் இல்லை. ஆனால் அது பதிவாகாவிட்டால் இரண்டு பேட்சுகளும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டுவிடும். ஒன்றில் பிரச்சினை வந்தால் மற்றதையும் திரும்ப எடுக்க வேண்டும் என்பதே யாருக்கும் தோன்றாது. சாஃப்ட்வேரில் இதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பல மலிவான சாஃப்ட்வேர்களில் இருப்பதில்லை.

மூன்றாவது, ஒரே பொருளுக்கு மூன்று பெயர். ஸ்டோரில் ஒரு பெயர், வாங்கும் பில்லில் ஒரு பெயர், செய்முறையில் இன்னொன்று. ஓரிடத்தில் கிலோ, ஓரிடத்தில் மூட்டை, ஓரிடத்தில் வாளி. சாஃப்ட்வேர் சரியில்லை என்று வரும் புகார்களில் பெரும்பங்கு உண்மையில் இந்தப் பெயர்ப் பட்டியலின் குழப்பம்தான். இதைச் சரிசெய்ய சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஆள் வரத் தேவையில்லை. ஸ்டோர்க்காரரும் கணக்குப் பார்ப்பவரும் இரண்டு மதியம் சேர்ந்து உட்கார வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் தவிர்க்க வழி இல்லை.

செய்முறையைப் பதிவேற்றும்போது இதைவிடச் சிக்கலான ஒன்று வரும். அளவுகள் எல்லாம் தலைமைச் சமையல்காரரின் கையில் இருக்கும். எடைபோட்டு எழுதச் சொன்னால், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வரும் என்று தட்டிக் கழிப்பார். அவருக்குக் கம்ப்யூட்டர் பிடிக்காது என்று நினைத்துவிடுவோம். உள்ளே இருப்பது வேறு பயம்: எழுதிக் கொடுத்துவிட்டால் நான் எதற்கு? நியாயமான பயம்தான் அது. அதைப் பேசித் தீர்க்காமல் எத்தனை பயிற்சி கொடுத்தாலும் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். செய்முறையை மாற்றும் அதிகாரத்தை சாஃப்ட்வேரில் அவர் பெயரிலேயே வையுங்கள், அவர் ஒப்புதல் இல்லாமல் ஒரு கிராம்கூட மாறாதபடி. புது ஆட்களுக்குச் சொல்லித்தருபவராக அவரையே நியமித்து, சம்பளத்திலும் அதைக் காட்டுங்கள். அப்புறம் தராசு தானாக மேஜைக்கு வரும்.

வெப்பநிலைப் பதிவேட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குளிர் அறைக் கதவில் மாட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். காலை 4 டிகிரி, மதியம் 4, மாலை 4, மாதம் முழுக்க 4, அதுவும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில். கதவு நாள் முழுக்கத் திறந்து மூடும் ஒரு அறையில் இது நடக்காது. தாளை எடுத்துவிட்டு டேப்லெட்டைக் கொடுத்தால் டேப்லெட்டிலும் 4 என்றுதான் வரும். கருவி மாறியிருக்கிறது, பழக்கம் மாறவில்லை.

தானாகப் பதியும் டேட்டா லாகர் ஒன்றை வைத்தால் பொய் எழுதத் தேவை இருக்காது. ஆனால் அதோடு ஒரு புதுத் திறன் தேவைப்படுகிறது: வரைகோட்டைப் படிப்பது. ஒரே இடைவெளியில் வரும் சின்ன மேடுகள், குளிர்சாதனம் தன் பனியைத் தானே உருக்கிக்கொள்ளும் நேரம். சரக்கு ஏற்றும்போது வரும் கூர்மையான ஏற்றம், கதவு திறந்து கிடந்தது. மெதுவாக ஏறி இறங்காமல் நிற்கும் கோடுதான் இயந்திரம் கெட்டதன் அடையாளம், அதற்குத்தான் ஓட வேண்டும். காற்றின் வெப்பம் சட்டென்று ஏறும், உள்ளே இருக்கும் பொருளின் வெப்பம் மெதுவாகத்தான் ஏறும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இது தெரியாதவர் கையில் எச்சரிக்கை மணியைக் கொடுத்தால் இரண்டே வாரத்தில் சத்தத்தை அணைத்துவிடுவார். சென்சார் சொல்வது சரியா என்று பார்க்க, நொறுக்கிய பனிக்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் முனையை அமிழ்த்தினால் போதும். பூஜ்யம் காட்ட வேண்டும். நள்ளிரவில் மணி அடித்தால் யாருக்கு அழைப்பு போகும், அவர் வந்து என்ன செய்வார், சந்தேகமான சரக்கை யார் ஒதுக்கி வைப்பார் என்பதையும் அன்றே எழுதி ஒட்டிவிடுங்கள்.

இதில் முதலாளிக்கும் ஒரு பாடம் உண்டு, அதுதான் கஷ்டமானது. உண்மையான எண்கள் முதலில் வரும்போது நிலைமை மோசமாகிவிட்டதுபோலத் தெரியும். வீணாவது கூடியிருக்கும், வெப்பம் எல்லை தாண்டியிருக்கும், ஸ்டாக் உதைக்கும். எல்லாம் முன்பும் அப்படித்தான் இருந்தது, இப்போது தெரிகிறது. அந்த முதல் சிவப்பு எண்ணுக்காக ஒருவரைத் திட்டிவிட்டால் மொத்த ஆட்களும் மறுபடி 4 எழுதப் போய்விடுவார்கள். எனவே முதல் மூன்று மாதம் எண்ணை வைத்து யாரையும் தண்டிப்பதில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள்.

பெரிய ஆலோசகர்கள் சொல்லாத ஒரு விஷயம்: உங்கள் உணவுப் பாதுகாப்புப் பயிற்சியிலேயே டிஜிட்டல் பயிற்சியின் எலும்புக்கூடு இருக்கிறது. உணவில் ஆபத்து எங்கே வரும் என்று முன்கூட்டியே கண்டு அங்கேயே கட்டுப்படுத்தும் ஹாசாப் (HACCP) முறை, 1960-களில் விண்வெளி வீரர்களின் உணவுக்காக நாசாவும் பில்ஸ்பரி நிறுவனமும் அமெரிக்க ராணுவ ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கியது. அதன் ஏழு கொள்கைகளில் எல்லை வகுப்பது, கண்காணிப்பது, எல்லை மீறினால் திருத்துவது, சரிபார்ப்பது, பதிவு வைப்பது எல்லாம் இருக்கின்றன. இதற்கு மேல் எந்த டிஜிட்டல் திட்டமும் புதிதாக ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை. இரண்டையும் தனித்தனிப் பயிற்சியாக நடத்தி ஆட்களின் நேரத்தைக் கொல்லாமல் ஒன்றாக நடத்துங்கள். எந்தப் பதிவை முதலில் டிஜிட்டல் ஆக்குவது என்ற கேள்விக்கும் பதில் அங்கேயே கிடைத்துவிடும். ஹாசாப் திட்டத்தில் முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளி (CCP) என்று குறித்திருப்பதுதான் முதலில்.

எப்படிச் சொல்லித்தருவது? நாள் முழுக்க உட்காரவைக்கும் வகுப்பு இந்தத் தொழிலுக்கு ஒத்துவராது. ஷிப்ட் தொடங்கும் முன் பத்து, பதினைந்து நிமிடம், ஒரே ஒரு செயல், அவர்களுடைய தராசு, அவர்களுடைய பேட்ச், அவர்கள் பேசும் மொழி. மறுநாள் அதையே அவர் இன்னொருவருக்குச் செய்துகாட்ட வேண்டும். சொல்லித்தர ஆள் தேடும்போது, மொபைலில் விளையாடும் இளைய பையனைப் பிடிப்பது எல்லோரும் செய்வது. அதைவிட, சந்தேகம் வந்தால் எல்லோரும் யாரிடம் போய்க் கேட்கிறார்களோ அவரைப் பிடியுங்கள். அவருக்குக் கணினி மெதுவாக வந்தாலும் பரவாயில்லை, அவர் செய்ய ஆரம்பித்தால் மற்றவர்களும் செய்வார்கள்.

பயிற்சியில் தோற்பதாகத் தெரியும் பல விஷயங்கள் உண்மையில் இட அமைப்பின் கோளாறு. ஈரக் கையுறையோடு தொடுதிரை ஒழுங்காக வேலை செய்யாது. கம்ப்யூட்டர் அலுவலக அறையில் இருந்தால் மாவு அப்பிய கையோடு யாரும் அங்கே போக மாட்டார்கள், போகவும் கூடாது. எடைபோடும் மேஜைக்கு மேலேயே, தண்ணீர் படாத உறையில், பெரிய பொத்தான்களோடு திரை இருக்க வேண்டும். எழுத்து அடிப்பதைவிட க்யூஆர் கோடு ஸ்கேன் செய்வது நல்லது, ஸ்கேன் செய்வதைவிட தராசே எண்ணை அனுப்புவது இன்னும் நல்லது. தாளும் திரையும் ஒன்றாக ஓடும் காலத்துக்கு ஒரு முடிவுத் தேதி வையுங்கள். இரட்டை வேலை என்றைக்கும் நிற்காது என்று தெரிந்தால் இரண்டையும் அரைகுறையாகத்தான் செய்வார்கள்.

சூப்பர்வைசருக்கும் கணக்குப் பார்ப்பவருக்கும் மட்டும் கொஞ்சம் ஆழமாக எக்செல் சொல்லிக்கொடுங்கள். ஃபில்டர், சார்ட், தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் போதும். கூடவே அதன் குழிகளையும் காட்டுங்கள். 00123 என்ற லாட் எண்ணை எக்செல் 123 ஆக்கிவிடும். இரண்டு எண்களுக்கு நடுவே ஈ என்ற ஆங்கில எழுத்து வரும் லாட் எண்ணை அறிவியல் குறியீடு என்று எடுத்துக்கொண்டு வேறொரு எண்ணாக மாற்றிவிடும். 03/04 என்று எழுதினால் மார்ச்சா ஏப்ரலா என்று யாருக்கும் தெரியாது. காலாவதித் தேதியில் இந்தக் குழப்பம் வந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதும் வழக்கத்தை எல்லா ஷீட்டிலும் கொண்டுவந்து, லாட் எண் வரும் நெடுவரிசையை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றி வைத்துவிட்டால் பாதித் தலைவலி போய்விடும்.

எண்களால் பணம் மிச்சமாவதை ஆட்கள் ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு எளிதான இடம் நிரப்பும் அளவு. 500 மில்லி பாட்டிலில் சராசரியாக 508 மில்லி போகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 2,000 பாட்டில் என்றால் 16 லிட்டர், அதாவது 32 பாட்டில் பானம் தினமும் இலவசமாகப் போகிறது. அரை மணிக்கு ஒரு பாட்டிலை எடைபோட்டுப் பதிந்தால் இது ஒரே வாரத்தில் வரைகோட்டில் தெரிந்துவிடும். சட்டப்படியான அளவுக்குக் கீழே இறங்காமல் இயந்திரத்தைக் கொஞ்சம் திருத்தினால் மிச்சம். இந்தக் கணக்கை நிரப்பும் இயந்திரத்தில் நிற்பவரையே போடவைத்து, மிச்சமானதில் ஒரு பங்கை அவர்களுக்கே கொடுங்கள். எந்த டிஜிட்டல் விழிப்புணர்வு உரையும் செய்யாததை அது செய்துவிடும்.

லேபிள் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். அமெரிக்காவில் உணவைத் திரும்பப் பெறுவதற்கான காரணங்களில் முன்னணியில் இருப்பது, ஒவ்வாமை தரும் பொருளை லேபிளில் சொல்லாமல் விட்டது. பெரும்பாலும் இது சமையலறைத் தவறாக இருக்காது, ஃபைல் தவறாக இருக்கும். சப்ளையர் மாறினார், புது மசாலாக் கலவையில் கடுகோ பால்பொடியோ இருந்தது, லேபிள் ஃபைல் மாறவில்லை. அல்லது மாறிய ஃபைல் ஒருவர் கம்ப்யூட்டரில், அச்சுக்குப் போனது 'புதுசு ஃபைனல் 2' என்ற இன்னொன்று. ஒரே இடம், ஒரே நடப்புப் பதிப்பு, செய்முறை மாறினால் லேபிளைப் பார்க்காமல் உற்பத்தி இல்லை என்ற விதி. லேபிள் அச்சடிப்பவருக்கு இதைவிட முக்கியமான பயிற்சி கிடையாது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். செயல்முறைக் குறிப்பை எளிய மொழியில் எழுத, எக்செல் ஃபார்முலா கேட்க, வாடிக்கையாளர் கடிதத்துக்கு வரைவு போட அவை நன்றாகவே உதவும். ஒவ்வாமைப் பட்டியலையும் காலாவதி நாளையும் அவற்றிடம் கேட்டு அப்படியே போடாதீர்கள்.

பாதுகாப்பு: சப்ளையர் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் கேட்காமல் பணம் போடக் கூடாது. எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் கூடாது, வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூட வேண்டும். தரவின் நகல் வேறோரிடத்தில் இருக்க வேண்டும், அதிலிருந்து ஒரு தடவையாவது மீட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

சான்றிதழ் எண்ணிக்கையை வைத்து முன்னேற்றத்தை அளக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே பாட்டில் சோதனையை, சொல்லாமல், வேறு வேறு பொருளில் செய்யுங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது, எத்தனை பேர் யாரையும் கேட்காமல் தேடி எடுக்கிறார்கள், கணக்கில் எத்தனை உதைக்கிறது என்று பாருங்கள். சூப்பர்வைசர் விடுமுறையில் இருக்கும் நாளாகப் பார்த்துச் செய்தால் இன்னும் நல்லது, திறன் நிறுவனத்தில் இருக்கிறதா ஒரே ஒருவர் தலையில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இதெல்லாம் ஓரளவு பழகிய பிறகு நீங்கள் வாங்கிய சாஃப்ட்வேருக்குத் திரும்புங்கள். எல்லா மாட்யூலையும் ஒரே நாளில் திறக்காமல் லாட் பதிவை மட்டும் திறங்கள். பேட்ச் பதிவு முடியாமல் பெட்டி லேபிள் அச்சாகாது என்று அமைக்க முடிந்தால் அப்படியே அமையுங்கள். அந்தப் பதிவும் வேலையின் ஒரு பகுதியாகிவிடும், நினைவூட்ட ஆள் வேண்டாம். அதற்கு முன் சாஃப்ட்வேர் கொடுத்தவரிடம் ஒன்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: எங்கள் தரவு முழுவதையும் நாங்களே எப்போது வேண்டுமானாலும் எக்செல் வடிவில் வெளியே எடுக்க முடியுமா? முடியாது என்றாலோ அதற்குத் தனிக் கட்டணம் என்றாலோ, உற்பத்தித் தரவை அதில் ஏற்றுவதற்கு முன்பே வேறு சாஃப்ட்வேர் பார்ப்பது நல்லது. பில்லிங் மட்டும் அதில் இருக்கும்போது மாறுவது சுலபம்.